ஆபீஸ் லினக்ஸ் சிஸ்டத்தை வீட்டிலிருந்து ஓட்ட எதைப் போடலாம்?

“அண்ணே, பிரஸ்ல இருக்கிற சிஸ்டத்த வீட்டுல இருந்தே ஓட்டணும். விஎன்சி போடவா, எக்ஸ்ஆர்டிபி போடவா?”

இரண்டும் தூரத்து சிஸ்டத்தின் திரையை இங்கே கொண்டுவந்து ஓட்டும் முறைகள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. மேலமாசி வீதிப் பக்கம் அச்சகம் வைத்திருப்பவர் திருநகர் வீட்டில் உட்கார்ந்தபடி ராத்திரியே புரூஃப் திருத்தி முடிக்கப் பார்க்கிறார். நாகமலைப் பக்கம் ஆய்வு செய்யும் மாணவிக்கு ஆய்வகத்துப் பெரிய மெஷினில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் ஓடவேண்டும். அவர் உட்காருவதோ உசிலம்பட்டியில், மொபைல் டேட்டாவில். மாட்டுத்தாவணி அருகே உதிரிபாகக் கடை நடத்துகிறவர், கடை லினக்ஸ் சிஸ்டத்தில் உள்ள பில் புரோகிராமை ஒத்தக்கடை குடோனிலிருந்து விண்டோஸ் லேப்டாப்பில் பார்க்கக் கேட்கிறார்.

மூன்று பேரும் எடுத்த எடுப்பில் கேட்டது ‘எது ஃபாஸ்ட்?’ என்றுதான். நம் பக்கத்து லைனுக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நடுவில் லைன் அறுந்தால் அங்கே திறந்து வைத்த வேலை இருக்குமா, போய்விடுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்வுகள் தானாகக் கழன்றுவிடும். (டேலி கணக்கு மென்பொருள் ஓட்டுகிறவர்கள் மன்னிக்கவும். அது விண்டோஸ் சமாச்சாரம், இந்தக் கணக்கில் வராது.)

## முதலில் அந்த சிஸ்டத்தை எட்டமுடிகிறதா?

இரண்டு மெஷினும் ஒரே ரவுட்டரில் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். வெளியிலிருந்து வருகிறவர்கள் மட்டும் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ‘வேன் ஐபி’ (வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். அது 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளோடு பங்கிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு மெஷினுக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் எத்தனை போட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வரமுடியாது. மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் இந்த நிலைதான், ஃபைபரிலும் பல இடங்களில் அப்படியே.

இதற்கு வழி உண்டு. இணைப்புத் தருகிறவரிடம் நிலையான ஐபி கேட்டு வாங்கலாம், தனிக் கட்டணம் ஆகும். சின்ன வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, இரண்டு முனைகளையும் வயர்கார்டு என்ற மறையாக்கத் தனிப்பாதை மூலம் அதில் கட்டலாம். வயர்கார்டு 2020-இல் வந்த 5.6 கர்னலிலிருந்து லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வழியில் போனால் சர்வரை மும்பையிலோ பெங்களூரிலோ எடுங்கள். கடல் தாண்டி எங்கோ எடுத்தால், திருநகரிலிருந்து மேலமாசி வீதிக்குப் போகவேண்டிய ஒவ்வொரு கிளிக்கும் வெளிநாடு போய்த் திரும்பும். இதெல்லாம் பெரிய வேலை என்று தோன்றினால் டெயில்ஸ்கேல். இரண்டு மெஷினிலும் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால் போதும். முடிந்தவரை இரண்டையும் நேராகவே இணைத்துவிடும், முடியாதபோதுதான் தன் இடைச் சர்வர் வழியாகச் சுற்றும்.

எந்த வழியில் போனாலும் விஎன்சியின் 5900, ஆர்டிபியின் 3389 போர்ட்களை இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து வைக்காதீர்கள். உலகமெங்கும் தானியங்கி நிரல்கள் இந்த இரண்டு எண்களைத் தேடித் தட்டிக்கொண்டே இருக்கின்றன.

## எதை வைத்து அளப்பது

லைன் அறுந்தால் என்ன ஆகும் என்பது முதல் அளவு. அடுத்தது, ஒரு புரோகிராமின் விண்டோ மட்டும் போதுமா, முழு டெஸ்க்டாப்பும் வேண்டுமா என்பது. ஒன்று போதும் என்கிற இடத்தில் முழுசையும் இழுத்து வந்தால், பேனல், வால்பேப்பர் எல்லாம் சேர்ந்து அங்கே மெமரியையும் இங்கே டேட்டாவையும் தின்னும்.

மூன்றாவது பிங். விளம்பரத்தில் போடும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஒரு செய்தி அங்கே போய்ப் பதில் திரும்ப எத்தனை மில்லிவினாடி என்பதுதான் பிங். ஒரே கட்டடத்துக்குள் 2 மில்லிவினாடி வரும், மொபைல் டேட்டாவில் 40, 60 என்று ஏறி இறங்கும். சில முறைகள் இதைத் தாங்கும், சில தாங்காது.

நான்காவது, உட்காருகிற இடத்தில் என்ன மெஷின் என்பது. லினக்ஸா, விண்டோஸா, போனா? ஐந்தாவது பாதுகாப்பு. ஆறாவது தமிழ். டைப்பிங், எழுத்து தெளிவாகத் தெரிவது இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த ஆறாவதை வெளிநாட்டு ஒப்பீடுகள் எதிலும் பார்க்கமுடியாது என்பதால் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

## எஸ்எஸ்எச் வழியாக எக்ஸ்

எஸ்எஸ்எச் என்பது தூரத்து மெஷினுக்குள் மறையாக்கத்தோடு நுழையும் வழி, எக்ஸ் என்பது லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் அமைப்பு. இரண்டையும் சேர்ப்பது பழையது, எளியது. அங்கே எஸ்எஸ்எச் சர்வர் இருந்தால் போதும். கட்டளையில் பெரிய எக்ஸ் தேர்வை (-X) சேர்த்து உள்ளே போய்ப் புரோகிராமின் பெயரைத் தட்டினால், அதன் விண்டோ உங்கள் திரையில் உங்கள் விண்டோக்களோடு சேர்ந்து நிற்கும். டெபியனிலும் உபுண்டுவிலும் சர்வர் பக்க அனுமதி முன்பே திறந்துதான் வருகிறது, ‘எக்ஸ்ஆத்’ தொகுப்பு மட்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உபுண்டுவில் ஸ்னாப் என்ற தனிப் பொட்டலமாக வரும் சில புரோகிராம்கள் எக்ஸின் அனுமதிச் சாவியைப் படிக்கமுடியாமல் நின்றுவிடும். அவற்றின் டெப் வடிவத்தைப் போட்டால் தொல்லை தீரும்.

அப்படியானால் எல்லோரும் இதையே போடலாமே? எக்ஸ்11 வந்தது 1987-இல். ஒரே கட்டடத்து நெட்வொர்க்கை மனதில் வைத்துச் செய்தது. புரோகிராம் அங்கே ஓடும், வரைவது இங்கே. நடுவே ‘இந்த எண் என்ன, அந்த அளவு என்ன’ என்று ஓயாமல் கேள்வி பதில் நடக்கும். ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாக அண்ணாச்சி கடைக்கு நடப்பது மாதிரி. ஒரு புரோகிராம் திறக்கும்போது 200 முறை போய்வருகிறது என்று வையுங்கள். 2 மில்லிவினாடி பிங்கில் அது அரை வினாடிக்கும் குறைவு. 40 மில்லிவினாடியில் 8 வினாடி. 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக ஏற்றினாலும் இந்த 8 குறையாது.

இன்னொன்று. அந்தக் காலப் புரோகிராம்கள் ‘இங்கே ஒரு கோடு, அங்கே ஒரு கட்டம்’ என்று சொல்லி அனுப்பும், அது சின்னச் செய்தி. ஜிடிகே, க்யூட்டி என்ற விண்டோ நூலகங்களை வைத்து எழுதிய இன்றைய புரோகிராம்கள் பெரும்பாலும் படத்தைத் தாங்களே வரைந்து படமாகவே அனுப்புகின்றன. 1920க்கு 1080 திரை முழுவதும் ஒருமுறை மாறினால், சுருக்காத கணக்கில் 8 எம்பிக்கு மேல். கம்ப்ரஷன் தேர்வைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும், அதற்குமேல் எதிர்பார்க்கவேண்டாம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ‘எக்ஸ்ஐஸ்’. இரண்டு கண் மட்டும் உள்ள குட்டிப் புரோகிராம். அங்கே ஓடவிட்டு இங்கே மௌஸை வேகமாகச் சுழற்றுங்கள். கருவிழி ஒட்டிக்கொண்டே வந்தால் லைன் இதற்குத் தாங்கும். மௌஸ் நின்றபிறகும் விழி தேடிக்கொண்டு வந்தால், பக்க வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸின் மெனுவைத் திறந்து என்ன கதி என்று பார்க்கவே வேண்டாம்.

லைன் அறுந்தால்? புரோகிராமும் போச்சு. சேமிக்காத வேலையும் போச்சு. டெர்மினல் வேலைகளை அங்கேயே தொடர்ந்து ஓடவைக்கும் டீமக்ஸ் காப்பாற்றும், விண்டோவைக் காப்பாற்றாது.

பாதுகாப்பில் ஒரு நெளிவு. லைனில் போவது மறையாக்கம் ஆகித்தான் போகிறது, அதில் குறையில்லை. ஆனால் டெபியன், உபுண்டு இரண்டிலும் இயல்பு அமைப்பே ‘நம்பிக்கையான’ இணைப்பு. அந்த முனையில் ரூட் அதிகாரம் உள்ளவர் நினைத்தால் இங்கே நீங்கள் தட்டும் எழுத்தையெல்லாம் பார்க்கலாம். உங்கள் சொந்த மெஷினுக்குப் பரவாயில்லை. பத்துப் பேர் நிர்வகிக்கும் பொதுச் சர்வரில் இருந்து கொண்டு இதே லேப்டாப்பில் பேங்க் பாஸ்வேர்டு தட்டாதீர்கள்.

விண்டோஸில் உட்காருகிறவருக்கு தனியாக ஒரு எக்ஸ் சர்வர் வேண்டும். மோபாஎக்ஸ்டெர்ம் ஒரே பொட்டலமாக எல்லாவற்றையும் தரும். முப்பரிமாண வேலை, பிளெண்டர் போன்றவை இந்த வழியில் நடக்காது, அதற்கு விர்ச்சுவல்ஜிஎல் என்று தனி ஏற்பாடு இருக்கிறது.

ஒரே மாடி, ஒரே சுவிட்ச், கேபிள் போட்ட இணைப்பு என்றால் இதை அடிக்க வேறு இல்லை. மற்ற இடங்களில் அவசரத்துக்கு ஒரு அமைப்பு விண்டோவைத் திறந்து மூடும் அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## எக்ஸ்பிரா

எஸ்எஸ்எச்சில் பிடித்த விஷயம் தனி விண்டோ. பிடிக்காதது அறுந்தால் செத்துப்போவது. எக்ஸ்பிரா முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தீர்க்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு திரையில் புரோகிராம் ஓடும். அதன் விண்டோவைப் படமாகச் சுருக்கி இங்கே அனுப்பும். லைன் போனால் இங்கே விண்டோ மறையும், அங்கே புரோகிராம் பாட்டுக்கு ஓடும். லைன் வந்ததும் மறுபடி ஒட்டிக்கொண்டால் கர்சர் விட்ட இடத்திலேயே நிற்கும். வீட்டில் விட்டதைக் காலையில் ஆபீஸில் வேறொரு மெஷினிலிருந்து தொடரலாம்.

உள்ளே போவதும் எஸ்எஸ்எச் வழியாகத்தான், புதிதாக எந்தப் போர்ட்டையும் திறக்கவேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அங்கேயே கிடைத்துவிடுவதால் பிங் கூடினாலும் திணறாது. லைன் மோசமானால் படத்தின் தரத்தைக் குறைக்கும், திரை அசையாமல் நின்றால் தெளிவான படத்தை மறுபடி அனுப்பும். புரூஃப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கடைசிக் குணம் தங்கம்.

மறைந்திருக்கும் செலவு: டெபியன், உபுண்டு களஞ்சியத்தில் இருப்பது பழைய பதிப்பாக இருக்கும், திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து போடுவது நல்லது. இரண்டு முனையிலும் ஒரே தலைமுறைப் பதிப்பு வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அப்டேட் ஆனால் விசைப்பலகையோ காப்பி-பேஸ்டோ முரண்டு பிடிக்கும். தேர்வுகளும் ஏராளம். கணினியே பழகாத ஒருவருக்கு அமைத்துக்கொடுத்துவிட்டுத் திரும்பினால், அந்த வாரமே உங்களுக்குப் போன் வரும்.

## விஎன்சி

1990களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஆலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்தது. திரையில் உள்ளதைப் படமாக எடுத்து அனுப்பும், மௌஸையும் கீபோர்டையும் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த எளிமையால்தான் டிவி பெட்டி முதல் போன் வரை எங்கும் இதற்கு ஒரு வியூவர் கிடைக்கிறது.

இதில் இரண்டு ரகம் உண்டு, பலரும் குழம்புவது இங்கேதான். ஒன்று, அந்த மானிட்டரில் தெரிவதையே பகிர்வது. அங்கே உட்கார்ந்திருப்பவரும் நீங்களும் ஒரே திரையைப் பார்ப்பீர்கள். ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க, கோளாறு பார்க்க இதுதான் சரி. நீங்கள் திறக்கும் கணக்கு வழக்கு அங்கே கடைக்கு வந்தவர் கண்ணிலும் படும் என்பதை மறக்கவேண்டாம். இன்னொன்று, டைகர்விஎன்சி போல மானிட்டரே இல்லாமல் ஒரு தனித் திரையை உருவாக்குவது. லைன் அறுந்தாலும் அந்தத் திரை அப்படியே இருக்கும்.

பழைய விஎன்சி பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துக்கு மேல் கணக்கில் வராது. நீளமாக வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் பலர். அந்தப் பழைய முறையில் திரையும் மறையாக்கம் இல்லாமல்தான் போகும். ஆகவே எஸ்எஸ்எச் இணைப்புக்குள் மறைத்து அனுப்பும் சுரங்கத்தில் மட்டும் ஓட்டுங்கள், அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்’ (அதே மெஷின்) மட்டும் தொடர்புகொள்ளும்படி அமைத்துவிடுங்கள். சத்தம் வராது. ஃபைல் அனுப்ப வேறு வழி தேடவேண்டும்.

## ஆர்டிபி

இது விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் முறை. விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் அதிலேயே இருக்கிறது, எதையும் இறக்கவேண்டாம். லினக்ஸ் பக்கம் எக்ஸ்ஆர்டிபி போட்டால் லாகின் பெட்டி வரும், உள்ளே போனால் உங்களுக்கென்று தனி டெஸ்க்டாப். காப்பி-பேஸ்ட் இரண்டு பக்கமும் போகும், லேப்டாப்பின் டிரைவும் அங்கே தெரியும். லைன் போனால் செஷன் காத்திருக்கும். படத்தைச் சுருக்குவதிலும் பழைய விஎன்சியைவிடக் கெட்டி.

தொல்லை எங்கே? அங்கே மானிட்டரில் ஒருவர் லாகின் செய்திருக்கும்போது அதே பெயரில் நீங்கள் ஆர்டிபியில் நுழைந்தால் பல சமயம் கறுப்புத் திரைதான் வரும், அல்லது வந்தவேகத்தில் வெளியே தள்ளும். இதற்கென்று தனிப் பயனர் பெயர் ஒன்று வைத்து, அதற்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப்பைக் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். சத்தம் வேண்டுமானால் லினக்ஸின் ஒலி அமைப்பான பல்ஸ்ஆடியோவுக்கோ பைப்வயருக்கோ தனி மாட்யூல் சேர்க்கவேண்டும்.

உபுண்டு 22.04 முதல் அமைப்புகளிலேயே ஆர்டிபி பகிர்வு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது மானிட்டரில் திறந்திருக்கும் செஷனைப் பகிர்வது. கரண்ட் போய் சிஸ்டம் மறுபடி எழுந்தால் யாரும் லாகின் செய்திருக்கமாட்டார்கள், நீங்களும் நுழையமுடியாது. ஆட்டோ லாகின் வைத்தாலும் கீரிங் (பாஸ்வேர்டுகளை வைக்கும் பெட்டகம்) பூட்டியே இருப்பதால் ஆர்டிபி பாஸ்வேர்டை அதனால் படிக்கமுடியாமல் போகும். 24.04-இல் ‘ரிமோட் லாகின்’ என்று தனியாக வந்திருக்கிறது. ஆள் இல்லாத ஆபீஸுக்கு அதுதான் பொருந்தும்.

## எக்ஸ்2கோ

முழு டெஸ்க்டாப்போ தனி விண்டோவோ, எஸ்எஸ்எச் வழி, அறுந்தால் செஷன் தூங்கிக் காத்திருக்கும். போய்வரும் கேள்விகளை இடையிலேயே பதில் சொல்லி வெட்டிவிடும் என்எக்ஸ் நுட்பம் உள்ளே இருப்பதால் மட்டமான லைனிலும் ஓடும். சத்தம், பிரிண்டர், ஃபோல்டர் மூன்றும் சேர்ந்தே வரும். ஒரு காலத்தில் யார் கேட்டாலும் நான் கைகாட்டியது இதைத்தான்.

இப்போது தயங்குகிறேன். க்னோம், புதிய கேடிஇ டெஸ்க்டாப்கள் இரண்டும் இதில் ஒழுங்காக எழுவதில்லை. எக்ஸ்எஃப்சிஇ அல்லது மாத்தே என்றால் மட்டும் போடுங்கள். வளர்ச்சியும் மெதுவாகிவிட்டது, போனிலிருந்து நுழைய வழியில்லை.

## வேலண்ட் வந்தபிறகு

எக்ஸின் இடத்தைப் பிடிக்கும் புதிய திரை அமைப்பு வேலண்ட். 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49, எக்ஸ்11 செஷனை இயல்பாகவே அணைத்துவிட்டது. உபுண்டு 25.10-இன் க்னோமில் அந்தத் தேர்வே கிடையாது. இதனால் எஸ்எஸ்எச் வழி எக்ஸ் ஒழிந்துவிடவில்லை. எக்ஸ்வேலண்ட் நடுவில் நின்று விண்டோவைக் காட்டிவிடும். அடிபடுவது எக்ஸ்11விஎன்சி மாதிரி மானிட்டர் திரையை நேராகப் படிக்கும் கருவிகள்தான்.

வேலண்ட் புரோகிராமை நேராக அனுப்ப வேபைப் இருக்கிறது. இரண்டு பக்கமும் லினக்ஸ், இரண்டிலும் வேலண்ட் என்றால் எஸ்எஸ்எச்சுக்கு முன்னால் அதன் பெயரைச் சேர்த்தால் போதும். இன்றைய புரோகிராம்களுக்கு எக்ஸைவிட வழவழப்பாகப் போகும். ஆனால் சாதாரணமாக ஓட்டினால் லைனோடு புரோகிராமும் போகும் என்பதால் நான் அதை வீட்டு நெட்வொர்க்கோடு வைத்துக்கொள்கிறேன்.

## எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க் வகையறா

ஐபி, போர்ட் எதுவும் தெரியாமல் ஒரு எண்ணைத் தட்டி உள்ளே போகலாம் என்பதுதான் இவற்றின் பலம். எனிடெஸ்க்கின் இலவசம் சொந்த உபயோகத்துக்கு மட்டும், கடைக்கோ பிரஸ்ஸுக்கோ போட்டால் லைசென்ஸ் வாங்கவேண்டும். ரஸ்ட்டெஸ்க் திறமூலம், இடைச் சர்வரையும் நாமே நடத்தலாம். இன்னொரு விஷயம், 2019-இல் ரிசர்வ் வங்கியே எனிடெஸ்க் மூலம் நடக்கும் பண மோசடி பற்றி எச்சரித்திருக்கிறது. கடைப் பையன்களிடம் ‘போனில் யார் கேட்டாலும் அந்த எண்ணைச் சொல்லாதே’ என்று சொல்லிவைப்பதும் இதன் செலவில் சேர்த்திதான்.

## ஒரே பார்வையில்

| முறை | லைன் அறுந்தால் | தனி விண்டோ | பிங் கூடிய லைனில் | விண்டோஸில் உட்காருகிறவருக்கு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| எஸ்எஸ்எச் வழி எக்ஸ் | புரோகிராம் போகும் | உண்டு | தாங்காது | எக்ஸ் சர்வர் போடவேண்டும் | சேமிக்காத வேலை |
| எக்ஸ்பிரா | பிழைக்கும் | உண்டு | நன்று | தனி மென்பொருள் அல்லது பிரவுசர் | பதிப்புப் பொருத்தம், அமைக்கும் நேரம் |
| விஎன்சி | பிழைக்கும் | இல்லை | சுமார் | வியூவர் போடவேண்டும் | சுரங்கம் அமைப்பது, சத்தம் இல்லை |
| எக்ஸ்ஆர்டிபி | பிழைக்கும் | இல்லை | நன்று | உள்ளேயே இருக்கிறது | தனிப் பயனர், கறுப்புத் திரை |
| எக்ஸ்2கோ | பிழைக்கும் | உண்டு | நன்று | தனி மென்பொருள் | டெஸ்க்டாப்பை மாற்றவேண்டும் |
| வேபைப் | சாதாரணமாகப் போகும் | உண்டு | சுமார் | இல்லை | இரண்டு பக்கமும் வேலண்ட் |

## தமிழ் எழுத்து, புள்ளி, ஃபாண்ட்

படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள் ஜேபெக் (படச் சுருக்க முறை) தரத்தைக் குறைத்தால் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. 10 பாயிண்ட் எழுத்தில் ‘ன்’ எது, ‘ன’ எது என்று தெரியாது. ‘வந்தான்’ என்பதில் கடைசிப் புள்ளி விழுந்திருக்கிறதா, ஜேபெக் அழுக்கா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் புள்ளி மங்கினாலும் படித்துவிடலாம், நமக்கு ஒரு புள்ளி இருப்பதும் இல்லாததும் வேறு எழுத்து. டைகர்விஎன்சியில் தானியங்கித் தேர்வை எடுத்துவிட்டு ஜேபெக் தரத்தை 8, 9 என்று ஏற்றுங்கள், லைன் தாங்கினால் ஜேபெக்கையே அணையுங்கள். எக்ஸ்பிராவில் ஒரு கணம் கையை எடுத்தால் தெளிவான படம் வந்துவிடும்.

ஃபாண்ட் விஷயத்தில் எல்லா முறையும் நமக்குச் சாதகம். இன்றைய புரோகிராம்கள் எழுத்தை அங்கேயே வரைந்து அனுப்புவதால், வீட்டு லேப்டாப்பில் அந்தத் தமிழ் ஃபாண்ட் இல்லாவிட்டாலும் சரியாகவே தெரியும். பாமினி போன்ற பழைய குறியீட்டு ஃபாண்ட்களில் வேலை செய்யும் பிரஸ்களுக்கு இது பெரிய விஷயம். ஃபைலை வீட்டுக்கு அனுப்பித் திறந்தால் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும் அதே பக்கம், பிரஸ் சிஸ்டத்தையே ஓட்டினால் ஒழுங்காக வரும்.

டைப்பிங்குக்கு ஒரு விதி: தமிழ் உள்ளீட்டை ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். முழு டெஸ்க்டாப் முறைகளில் அங்கே ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளைப் போட்டு தமிழ்99 விசைப்பலகையை அங்கே தேர்ந்தெடுங்கள், இங்கே ஆங்கிலத்திலேயே விடுங்கள். இரண்டு பக்கமும் தமிழை ஆன் செய்தால் வருவது எந்த மொழியும் இல்லை. எஸ்எஸ்எச் வழி எக்ஸில் சிக்கல் வேறு. இங்கிருக்கும் ஐபஸோடு பேசப் புரோகிராமுக்கு டி-பஸ் என்ற உள் தொடர்பு வழி வேண்டும், அது லைனைத் தாண்டி வருவதில்லை. அங்கே உள்ளீட்டு முறையைப் பழைய எக்ஸ்ஐஎம்முக்கு மாற்றினால் ஓடும். பக்கம் பக்கமாகத் தட்டுவதற்கு ஆகாது.

## கரண்ட், பில், டேட்டா

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பேப்பரில் பார்த்து வைத்துக்கொள்வது இந்த வேலையின் ஒரு பகுதி. ஆனால் அங்கே கரண்ட் போவதைவிட இங்கே போவதுதான் அடிக்கடி வேலையைக் கெடுக்கும். லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் செத்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தில் எஸ்எஸ்எச் வழி எக்ஸிலோ வேபைப்பிலோ இருந்தவர் வேலையை இழப்பார், மற்ற முறையில் இருந்தவர் டீ குடித்துவிட்டு வந்து தொடர்வார். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் இரண்டு முனையிலும் போடுங்கள்.

அங்கிருக்கும் சிஸ்டத்தின் பயோஸில், கரண்ட் திரும்பினால் தானாக ஆன் ஆகும் அமைப்பை இயக்குங்கள். டிஸ்க் முழுவதையும் மறையாக்கம் செய்திருந்தால், பூட் ஆகும்போதே பாஸ்வேர்டு கேட்டு நிற்கும், யாராவது போய்த் தட்டவேண்டும். சும்மா இருந்தால் தூங்கிவிடும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

எந்நேரமும் ஆனில் இருக்கும் சிஸ்டம் 60 வாட் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 86 யூனிட். அது வீட்டு இணைப்பில் இருந்தால், இலவசமாக வரும் 100 யூனிட்டில் பெரும்பங்கு இதற்கே போய்விடும். டேட்டா கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: சராசரியாக 2 எம்பிபிஎஸ் ஓடினால் மணிக்கு 900 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது.

## அந்த மூன்று பேருக்கு

உதிரிபாகக் கடைக்காரருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. டெயில்ஸ்கேல், அதற்குள் எக்ஸ்ஆர்டிபி, குடோனுக்கென்று தனிப் பயனர் பெயர், எக்ஸ்எஃப்சிஇ. 3389 போர்ட்டை டெயில்ஸ்கேல் முகவரிக்கு மட்டும் திறந்தால் போதும். பில் அடிக்க குடோனில் பிரிண்டர் இருந்தால், அதைக் கடை சிஸ்டத்தில் நெட்வொர்க் பிரிண்டராகவே சேர்த்துவிடுவது மேல். ஆர்டிபி வழியாகப் பிரிண்டரைக் கடத்தும் வேலை லினக்ஸில் நம்பிக்கையானதல்ல.

ஆய்வு மாணவியிடம் நான் முதலில் கேட்டது: எல்லா வேலைக்கும் விண்டோ வேண்டுமா? கியூஜிஐஎஸ்ஸின் கனமான கணக்குகளைப் பைத்தானில் எழுதி டீமக்ஸுக்குள் ஓடவிடலாம், லைன் அறுந்தாலும் கவலையில்லை, டேட்டாவும் செலவாகாது. வந்த படத்தை மட்டும் பார்க்க எக்ஸ்பிரா. ஆய்வக மெஷினில் பலர் நுழைவதால், ஆளுக்கொரு முழு டெஸ்க்டாப் திறந்தால் மெமரி அதற்கே போய்விடும், நிர்வாகியும் விரும்பமாட்டார். எக்ஸ்பிராவைப் போட அவரிடம் அனுமதி கேட்கவேண்டும். கிடைக்காவிட்டால், இரு முனையிலும் ஃபைல்களை ஒத்திசைக்கும் சின்க்திங் போட்டு, சின்ன ஃபைல்களை லேப்டாப்பிலேயே திறந்துகொள்ளலாம்.

அச்சகக்காரர் பேஜ்மேக்கரை விட்டு ஸ்கிரைபஸுக்கு வந்த சிலரில் ஒருவர். (2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பில்தான் யூனிகோடு தமிழ் ஒழுங்காக வருகிறது, பழைய 1.4-ஐ வைத்துக்கொண்டு திட்டாதீர்கள்.) அவருக்கு ஒரே புரோகிராம், நீண்ட நேரம், புள்ளி துல்லியமாகத் தெரியவேண்டும், ஃபாண்ட் எல்லாம் பிரஸ்ஸில். ஆகவே வயர்கார்டு, அதன்மேல் எக்ஸ்பிரா. அமைக்க ஒரு சாயங்காலம் ஆகும், ஒருமுறை அமைத்தால் தினமும் ஒரே கட்டளை. பிரஸ்ஸில் இரவு ஆள் இருப்பதில்லை என்பதால் பயோஸ் அமைப்பும் யுபிஎஸ்ஸும் கட்டாயம். அவர் கேட்ட விஎன்சியை, பையன் பகலில் ஏதாவது சந்தேகம் கேட்டால் அதே திரையைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். நிறம் பார்க்கிற வேலையை மட்டும் எந்த முறையிலும் வீட்டில் வைத்துக்கொள்ளவேண்டாம். படம் சுருங்கி வருவதும் லேப்டாப் திரையும் சேர்ந்து மெரூனைச் சிவப்பாக்கிவிடும். கல்யாணப் பத்திரிகை பிளேட்டுக்குப் போகுமுன் பிரஸ் மானிட்டரில் நேரில் பார்த்துவிட்டுத்தான் ஓகே சொல்லவேண்டும்.